செல்லில் இருக்கும் படத்தை டிவியில் காட்ட - ஒரு வங்கிக்காரன் சொல்வது

ஊரில் நடக்கிற கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் எல்லாம் இப்போது நமக்கு வாட்ஸப்பில்தான் வந்து சேருகிறது. சுவரில் 43 அங்குல டிவி சும்மா தொங்க, ஆறு அங்குலத் திரையைச் சுற்றி நாலு தலை முட்டிக்கொண்டு பார்க்கிறோம். "இதை அதுல போட என்ன வழி சார்?" என்று மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். (கம்ப்யூட்டரில் பிரிண்டர் மாட்டத் தெரிந்தவன் எல்லாம் நிபுணன் எங்கள் கிளையில்!) வழிகள் நிறைய இருக்கின்றன. எனக்கு இதில் அபிப்பிராயம் ஒன்றே ஒன்றுதான்: டிவிக்குப் படத்தை அனுப்புங்கள், செல்லின் திரையை அனுப்பாதீர்கள்.

இரண்டும் ஒன்றுதானே என்பீர்கள். இல்லை.

'ஸ்க்ரீன் மிரரிங்' என்பது கண்ணாடி காட்டுகிற வேலை. மிராகாஸ்ட் என்ற பெயரில் 2012-ல் வந்தது. சாம்சங்கில் ஸ்மார்ட் வியூ என்பார்கள், மற்ற செல்களில் வேறு வேறு பெயர். செல்லும் டிவியும் வைஃபையில் நேரடியாகப் பேசிக்கொள்ளும், இன்டர்நெட் கூட வேண்டாம். ஆனால் திரையில் எது வந்தாலும் அதை அந்தக் கணமே வீடியோவாக மாற்றி செல் அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டும். சூடாகும், பேட்டரி கரையும், பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் குறுக்கே வந்தால் படம் திக்கும். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் போன்றவற்றில் காப்புரிமைப் பூட்டு காரணமாகப் பல சமயம் வெறும் கறுப்புத் திரைதான் தெரியும்.

'காஸ்ட்' வேறு. யூட்யூபில் அந்தச் சின்ன டிவி படத்தைத் தொட்டால், செல் டிவியிடம் "இன்ன வீடியோ, நீயே எடுத்துக்கொள்" என்று சீட்டு கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது. டிவி நேராக இன்டர்நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். நீங்கள் போன் பேசலாம், மெசேஜ் பார்க்கலாம், டிவியில் ஒன்றும் தெரியாது. செல்லும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

கண்ணாடியில் எல்லாமே தெரியும் என்பதுதான் எனக்கு உறுத்தல். விருந்தாளிகளுக்குக் கல்யாண வீடியோ காட்டிக்கொண்டிருந்த சக அலுவலர் ஒருவருக்கு, நடுவில் கடன் தவணை பவுன்ஸ் ஆன எஸ்எம்எஸ் டிவியில் பெரிதாக இறங்கியது. மைத்துனர் வேறு சத்தமாகப் படித்துக் காட்டினாராம் :-) சிரித்துவிட்டுப் போகலாம். அதே இடத்தில் ஓடிபி வந்தால்?

அதை விடப் பெரிய விஷயம், திரையைக் காட்டும் பழக்கம். இங்கே நாக்பூரில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். பேரனின் வீடியோவை டிவியில் பார்க்கவேண்டும். டிவி கம்பெனியின் கஸ்டமர் கேர் எண் என்று நெட்டில் தேடி, கிடைத்த எண்ணுக்கு அடித்திருக்கிறார். மறுமுனையில் இருந்தவன் மரியாதையாக, "காகா, ஒரு ஆப் இறக்குங்க, உங்க ஸ்க்ரீன் டிவியில வரும்" என்று சொல்லி, அதில் வந்த ஒன்பது இலக்க எண்ணை வாங்கிக்கொண்டான். திரை தெரிந்தது, டிவியில் அல்ல, அவனுக்கு. பிறகு 'சேவைக் கட்டணம் பத்து ரூபாய்' என்று அனுப்பச் சொன்னான். அவர் பின் அடித்ததும் வந்த ஓடிபியும் அவன் கண்ணில் பட்டன. எங்களிடம் வந்தபோது கணக்கு துடைத்திருந்தது. எனிடெஸ்க் போன்ற ஆப் மூலம் இப்படி நடக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. அந்த ஆப் கெட்டது இல்லை, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரைச் சரிசெய்ய உருவானது. 'ஸ்க்ரீன் ஷேர்' என்ற வார்த்தைக்கு டிவி ஒரு அர்த்தம், திருடன் ஒரு அர்த்தம் வைத்திருக்கிறான். முதலாவதற்குப் பழகியவர் இரண்டாவதைச் சந்தேகப்படுவதில்லை. செல்லிலிருந்து டிவிக்குப் படம் போக எந்தக் கஸ்டமர் கேரும் உங்கள் திரையைப் பார்க்க வேண்டியதில்லை.

சரி, யூட்யூபில் இல்லாத, நம் செல்லிலேயே இருக்கிற வீடியோவுக்கு என்ன செய்வது?

கூகுள் ஃபோட்டோஸிலிருந்து காஸ்ட் செய்யலாம். ஆப்பிள் செல் என்றால், ஏர்பிளே உள்ள டிவிக்கு வீடியோவை மட்டும் அனுப்பலாம். ஆனால் என் ஓட்டு பென் டிரைவுக்கு. சிரிக்காதீர்கள். ஒரு பக்கம் யூஎஸ்பி-சி, மறுபக்கம் சாதா யூஎஸ்பி என்று இரண்டு மூக்கு உள்ளது கடைகளில் கிடைக்கிறது. செல்லில் சொருகி காப்பி செய்து, டிவியின் பின்னால் சொருகினால் முடிந்தது. வைஃபை வேண்டாம், ஆப் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம். இரண்டு விஷயம் மட்டும் பார்க்கவேண்டும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆன பென் டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய ஒரே ஃபைல் ஏறாது. புது செல்கள் பலவற்றில் ஹெச்.265 முறையில் பதிவு செய்ய முடியும், அப்படிப் பதிவானது பழைய டிவியில் சத்தம் மட்டும் வரும், அல்லது அதுவும் வராது. கேமரா செட்டிங்கில் ஹெச்.264-க்கு மாற்றிவிடுங்கள். வாட்ஸப்பில் வருவது பெரும்பாலும் எந்த டிவியிலும் ஓடும்.

கேபிள் என்று ஒரு கோஷ்டி இருக்கிறது. யூஎஸ்பி-சி டு ஹெச்டிஎம்ஐ. நல்ல வழிதான், திக்காது. ஆனால் அது போடுவதும் கண்ணாடிதான், தவிர விலை குறைந்த ஆண்ட்ராய்டு செல்களில் பெரும்பாலானவற்றில் அந்த ஓட்டையிலிருந்து படம் வெளியே வராது. செல்லின் விவரத்தில் டிஸ்ப்ளேபோர்ட் என்று இருக்கிறதா பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். கடைக்காரர் "எல்லாத்துலயும் வரும் சார்" என்றுதான் சொல்வார்.

பழைய டிவிக்கு டாங்கிள் வாங்கலாமா என்றால், வாங்கலாம், வாழ்நாள் முழுக்க உழைக்கும் என்று நம்பவேண்டாம். 2014 டிசம்பரில் 2,999 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்த குரோம்காஸ்ட் வரிசையை கூகுள் 2024-ல் நிறுத்திவிட்டது. 2025 மார்ச்சில் சான்றிதழ் ஒன்று காலாவதியாகி, இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் உலகம் முழுக்க சில நாட்கள் வேலை செய்யவில்லை. நல்ல நிலையில் இருந்த கருவி, எங்கேயோ ஒரு தேதி தாண்டியதால் படுத்துவிட்டது. பென் டிரைவுக்கு அந்த வியாதி கிடையாது.

அந்த ஆசிரியரை உடனே 1930-க்குப் பேச வைத்தோம், போன பணத்தில் ஒரு பகுதி வழியில் நிறுத்தப்பட்டது, மீதி இன்னும் இழுபறி. அவருக்கு 64 ஜிபி பென் டிரைவ் ஒன்று வாங்கிக் கொடுத்து, எந்த மூக்கு எதில் என்று மராத்தியில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். இப்போது பேரன் நாலு வீடியோ அனுப்பினால், பக்கத்து வீட்டுக்காரர்களையும் உட்கார வைத்துத்தான் போடுகிறாராம்.