எண்ணெய் தடவினா கறுப்பு திரும்பாது

மக்களே, ஒரு சின்ன டெஸ்ட். இன்னிக்கு சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது பின் மட்கார்டை ஒரு தடவை உத்துப் பாருங்க. அப்புறம் சீட்டைக் கழற்றி, அதுக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக்கைப் பாருங்க. ரெண்டும் ஒரே வண்டி, ஒரே வயசு. கீழே இருக்கிறது இன்னும் கறுப்பா இருக்கும். வெளியே இருக்கிறது அடுப்புச் சாம்பல் கலர்ல இருக்கும். நடுவுல நடந்தது பெரும்பாலும் வெயில்தான்.

இதுக்கு நம்ம பசங்ககிட்ட ஆளுக்கொரு வைத்தியம் இருக்கு. ஹாஸ்டல்ல தேங்காய் எண்ணெய். மெக்கானிக் கடையில பழைய இன்ஜின் ஆயில். வாட்டர் வாஷ் கடையில டயர் பாலிஷ். அவசரத்துக்கு ஷூ பாலிஷ். எல்லாமே அஞ்சு நிமிஷத்துல வண்டியைப் புதுசு மாதிரி காட்டும். நானும் மூணு வருஷம் இதைத்தான் செஞ்சேன். இப்போ இதெல்லாம் வேண்டாம்னு சொல்றேன். ஏன்னு சொல்லணும்னா முதல் வருஷ கெமிஸ்ட்ரிக்குப் போகணும். பயப்படாதீங்க, 13 மார்க் கேள்வி இல்ல.

வண்டியில பெயின்ட் அடிக்காத சொரசொரப்பான கறுப்பு பாகங்கள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன், இல்லன்னா ஏபிஎஸ். (பிரேக் ஏபிஎஸ் இல்ல, இது பிளாஸ்டிக் ஏபிஎஸ்.) புற ஊதாக் கதிர் படும்போது பாலிமர் சங்கிலியில ஃப்ரீ ரேடிக்கல் உருவாகுது. அது காற்றுல இருக்கிற ஆக்ஸிஜனோட சேர்ந்து சங்கிலியைத் துண்டு துண்டா அறுக்குது. கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கிற கார்பன் பிளாக் இந்தக் கதிரை நல்லா உறிஞ்சிக்கும். அதனாலதான் கறுப்பு பிளாஸ்டிக் மத்த கலரை விட அதிக நாள் தாங்குது. ஆனா மேல்தோலை அதாலயும் முழுசா காப்பாத்த முடியாது. நாளாக ஆக மேல்பரப்பு முழுக்க கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுது. வெளிச்சம் அந்த வெடிப்புல பட்டு நாலா பக்கமும் சிதறுது. கண்ணாடி தெளிவா இருக்கும், அதையே நொறுக்கினா தூள் வெள்ளையா தெரியும் இல்லையா? அதே கதைதான். கறுப்பு பெரும்பாலும் உள்ளேதான் இருக்கு, மேல இருக்கிற வெடிப்புதான் அதை மறைக்குது.

இப்போ எண்ணெய் என்ன செய்யுதுன்னு புரியும். வெடிப்புக்குள்ள போய் நிரம்புது, வெளிச்சம் சிதறுறது குறையுது, கறுப்பு தெரியுது. காய்ஞ்ச அம்மிக்கல்லுல தண்ணி தெளிச்சா கறுக்குமே, அதேதான். தண்ணி காய்ஞ்சா கல்லு பழைய கலருக்கு வந்துடும். எண்ணெய் ரெண்டு மழைக்கு நிக்காது. அதுவரைக்கும் ரோட்டுப் புழுதியை எல்லாம் இழுத்து ஒட்ட வைக்கும். பழைய இன்ஜின் ஆயில் இன்னும் மோசம், அது கையில படுறதே உடம்புக்கு நல்லதில்ல. எந்த ஆயிலோ பாலிஷோ வழிஞ்சு டயர்லயோ பிரேக் டிஸ்க்லயோ பட்டா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

"சரிடா, பத்து நாள் தாங்கினா தாங்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?"னு கேக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன், என் ரூம்மேட் செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கற வரைக்கும். கடையில நிக்கும்போது வண்டி பளபளன்னு இருந்துச்சு. முதல் மழையில மட்கார்ட் சாம்பல் ஆச்சு. ரெண்டாவது மழைக்கு அப்புறம் கழுவித் துடைச்சப்போ வைசர்ல ஒரு நீள விரிசல் இருந்தது. அதுக்கு மேலயும் பாலிஷ் போட்டுத்தான் வித்திருக்காங்க. வருஷக்கணக்கா வெயில்ல கிடந்த வண்டியை வீட்டுக்குள்ள நின்ன வண்டி விலைக்கு வாங்கிட்டு வந்திருக்கான். பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசு.

அதனால பழைய வண்டி பார்க்கப் போறவங்க ஒரு ஈரத்துணியும் கொஞ்சம் சோப்பும் எடுத்துட்டுப் போங்க. மட்கார்டுல ஒரு ஓரமா அழுத்தித் துடைச்சு, காய விட்டுப் பாருங்க. அப்புறம் சீட்டுக்குக் கீழே உள்ள கறுப்போட ஒப்பிட்டுப் பாருங்க. ஓடோமீட்டர் சொல்லாததை அந்த ரெண்டு கறுப்பும் சொல்லும். துடைக்க விடமாட்டேன்னு கடைக்காரர் சொன்னா, அதுவும் ஒரு பதில்தான்.

அப்போ நிஜமாவே சரி பண்ண முடியாதா? ஓரளவு முடியும். அப்பாவோட 150 சிசி வண்டியை விக்கலாம்னு வீட்டுல முடிவானப்போ நான் ட்ரை பண்ணேன். "எண்ணெய் தடவிட்டா போதும்டா, எவன் பார்க்கப் போறான்"னு அப்பா சொன்னார். ரூம்மேட் கதை ஞாபகம் வந்தது. முடியாதுப்பான்னு சொல்லிட்டேன்.

முதல் வேலை, பாகத்தை வண்டியில இருந்து கழற்றிடணும். பெட்ரோல் டேங்க் பக்கத்துல சூட்டு வேலை வேண்டவே வேண்டாம். சோப்பு போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு, பல வருஷ பாலிஷை எல்லாம் எடுக்கணும். மிச்சம் பிசுக்கு இருந்தா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால துடைக்கலாம். பெட்ரோல் தொட்டுத் துடைக்காதீங்க, சில பிளாஸ்டிக்ல அதுவே விரிசலைக் கொண்டு வரும். நல்லா காய்ஞ்சதும் ஹீட் கன். ஷ்ரிங்க் ட்யூப் போட லேப்ல இருக்கிறதை லேப் அண்ணாகிட்ட கேட்டு வாங்கினேன். ஒரு ஜாண் தூரத்துல வச்சு, ஒரே இடத்துல நிக்காம ஆட்டிக்கிட்டே போகணும். பாலிப்ரோப்பிலீனா இருந்தா மேல்தோல் லேசா இளகி வெடிப்பு மூடும். சாம்பல் கண் முன்னாடியே கறுப்பா மாறும். மட்கார்ட் அப்படித்தான் மாறுச்சு, வீடியோ எல்லாம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன்.

அந்த சந்தோஷத்துல இடது சைடு பேனலையும் அதே மாதிரி காட்டினேன். பாதியில ஓரம் மெழுகு மாதிரி வளைஞ்சிடுச்சு. திருப்பிப் பார்த்தா உள்பக்கம் ஏபிஎஸ்னு எழுத்து. பாலிப்ரோப்பிலீன் உருக 160 டிகிரி செல்சியஸ் பக்கம் போகணும். ஏபிஎஸ் 100 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிச்சிடும். எந்த பிளாஸ்டிக்னு பாகத்தோட பின்பக்கத்துலேயே பெரும்பாலும் அச்சடிச்சிருப்பாங்க. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சிட்டு அதைத் திருப்பிப் பார்க்கத் தோணல. ஏபிஎஸ்ஸுக்கு லேசா உப்புத்தாள் போட்டு, பிளாஸ்டிக் பிரைமர் அடிச்சு, மேட் பிளாக் ஸ்ப்ரே அடிக்கிறதுதான் சரி. பாலிப்ரோப்பிலீன்ல பெயின்ட் சுலபத்துல ஒட்டாது, அதுக்குன்னு தனி பிரைமர் இல்லாம அடிச்சா உரிஞ்சு வரும்.

சூடு காட்டுறதும் நிரந்தரம் இல்ல. அறுந்த சங்கிலி திரும்ப ஒட்டாது, மேல்தோல் சமமாகுது, அவ்வளவுதான். வருஷா வருஷம் செஞ்சா பாகம்தான் வீணாகும். ஒரு தடவை செஞ்சிட்டு, பிளாஸ்டிக்குக்குன்னே வர்ற, புற ஊதாக் கதிரைத் தடுக்கிற கோட்டிங் போட்டா இன்னும் கொஞ்ச நாள் தள்ளும். "எதுக்கு இவ்வளவு, புது பார்ட் வாங்கலாமே"ன்னா, பழைய மாடலுக்கு ஒரிஜினல் கிடைக்கணுமே. கிடைச்சாலும் அதையும் அதே வெயில்லதானே நிறுத்தப் போறோம்?

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம் வருது. நம்ம வண்டி காலையில எட்டரைக்கு கேம்பஸுக்குள்ள வருது, சாயங்காலம் நாலரைக்கு வெளியே போகுது. உச்சி வெயில் அடிக்கிற நேரம் முழுக்க மைதானத்துல நிக்குது. ஸ்டாஃப் வண்டிக்கு ஷெட் இருக்கு, நமக்கு ரெண்டு வேப்பமரம் இருக்கு. அந்த நிழலைப் பிடிக்கத்தான் சில பேர் எட்டு மணிக்கே வர்றாங்க. பிளாஸ்டிக் மட்டுமில்ல, சீட்டும் ரப்பரும் பெயின்ட்டும் அங்கதான் வேகுது. நம்மள்ல பாதி பேர் ஓட்டுறது அப்பா வண்டி, இல்ல அண்ணன் வண்டி.

"பஸ்ல வரலாமே"ங்கிறது நியாயமான கேள்விதான். கடைசி காலேஜ் பஸ் அஞ்சு மணிக்குப் போயிடுது. புராஜெக்ட் லேப் ஏழு மணி வரைக்கும் நடக்குது. நடுவுல என்ன செய்றது? பெரிய ஷெட் கூட கேக்கல. நர்சரியில செடிக்கு மேல கட்டுற பச்சை நிழல் வலை போதும். குழாய்க் கம்பம் நட்டுக் கட்டினா அடிக்கிற வெயில்ல பாதியாவது குறையும். டிசைன் பண்ண சிவில் டிபார்ட்மென்ட் பசங்க இருக்காங்க, வெல்டிங் பண்ண மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப் இருக்கு. சோலார் பேனலையே கூரையா போடலாம்னு ஒவ்வொரு வருஷமும் ஒரு புராஜெக்ட் போஸ்டர் வருது, ரிவ்யூ முடிஞ்சதும் சுருட்டி வச்சிடுறோம்.

அப்பா வண்டி போன மாசம் வித்தாச்சு. வாங்கினது ஒரு மூணாம் வருஷ ஜூனியர். வளைஞ்ச பேனலை நானே காட்டினேன், 500 ரூபாய் குறைச்சான், குடுத்துட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லல. அந்த வண்டி இன்னும் ஒரு வருஷம் இதே மைதானத்துலதான் நிக்கப் போகுது. நிழல் வலை கேட்டு மனு ஒண்ணு எழுதி வச்சிருக்கேன். அடுத்த வாரம் கேன்டீன் வாசல்ல நிப்பேன், வந்து கையெழுத்து போடுங்க.