கடலுக்குப் போற ஒழுங்கை எங்கே?

லீவுக்கு வந்தாறுமூலையிலிருந்து ஊருக்கு வந்தால் நாங்கள் முதலில் போவது கடற்கரைக்குத்தான். இந்தமுறை புல்மோட்டை வீதியில் பஸ்ஸால் இறங்கி, சின்ன வயதிலிருந்து நடந்த ஒழுங்கைக்குள் போனால் குறுக்கே கம்பிவேலி. உள்ளே கட்டடமும் இல்லை, ஆளும் இல்லை. சுத்திப் போய்த்தான் கடலைப் பார்த்தம். "ஹோட்டல் வரப்போகுதாம் பிள்ளையள்" என்றார், கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த மாமா.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் ஹோட்டலுக்கு எதிரானவர்கள் இல்லை. எங்களோடு ஏ.எல். எடுத்த பெடியன்கள் சிலர் நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களில்தான் வேலை. சீசனில் சம்பளத்தோடு சேர்விஸ் சார்ஜும் கிடைக்கும். அதில் தங்கச்சிமாரைப் படிப்பிக்கிறார்கள். ஹோட்டலே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் அவர்களுக்கு வேறு வேலை காட்டவேணும். எங்களால் காட்ட ஏலாது.

ஆனால் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் கடல் மாரியில் கொந்தளிக்கும். சித்திரையளவில் அடங்கினால் புரட்டாசி வரை நல்ல கடல். வெள்ளைக்காரர் வருவதும் அந்த மாதங்களில், கரைவலை இழுப்பதும் அதே மாதங்களில். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து மீனவர்கள் வந்து வாடி அடிப்பதும் அப்போதுதான். கரைவலைக்கு ஒரு தோணி நிற்கும் இடம் காணாது. வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு, கயிற்றின் இரண்டு நுனியையும் இரண்டு கூட்டம் கரையில் நின்று இழுக்கவேணும். அந்த நீளம் முழுக்க மணல் வெறுமையாகக் கிடக்கவேணும். அதைத்தான் 'பாடு' என்கிறோம். ஹோட்டல் வரைபடத்தில் அது 'வெற்றுக்காணி'. சண்டை தொடங்குவதே அந்த ஒரு சொல்லில்தான்.

இது எங்கே போய் முடியும் என்று தெரிய ஜோசியம் தேவையில்லை. கம்பஸிலிருந்து பாசிக்குடாவுக்குப் போனால் தெரியும். யுத்தம் முடிந்தபிறகு அந்தக் குடாவைச் சுற்றி வரிசையாக ஹோட்டல்கள் எழும்பின. இப்ப வீதியில் போகிறவனுக்குக் கடல் தெரியாது. மதிலும் கேற்றும்தான் தெரியும். ஊர்ச்சனம் குளிக்க ஒரு பக்கத்தில் துண்டு மிஞ்சியிருக்கு. பாசிக்குடா, கற்பிட்டி மாதிரி குச்சவெளியும் அரசாங்கம் சுற்றுலாவுக்கென்று குறித்துவைத்த இடம்தான்.

இன்னொரு ஞாபகமும் இருக்கு. சுனாமிக்குப் பிறகு, 2005இல், வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். பிறகு அது தளர்ந்தது, உண்மை. ஆனால் "கடல் ஆபத்து, தள்ளிப் போ" என்று ஒருகாலம் மீனவனுக்குச் சொன்ன கரையிலேயே இன்றைக்குக் 'கடல் தெரியும் அறை' கட்டினால், அம்மம்மாமார் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்ட அனுமதிப்பத்திரம் வேணும். அந்த விண்ணப்பம் வரும்போது ஊருக்குத் தெரியவேணும் என்பதுதான் எங்கள் கேள்வி. யுத்தத்தில் இடம்பெயர்ந்து, உறுதிகளைத் தொலைத்துவிட்டு, பெர்மிற்றோடு இருக்கிற சனத்திடம் "இது உங்கட காணியா?" என்று கேட்கிறதுக்கு முதல், "இங்க என்ன வரப்போகுது" என்று தமிழில் சொல்லட்டும்.

நாங்கள் கேட்பது பெரிய விசயம் இல்லை. ஒவ்வொரு ஹோட்டலுக்கும் பக்கத்தில் கடலுக்குப் போகிற பொது ஒழுங்கை, வரைபடத்திலேயே கீறப்பட்டு. பாடுகள் குறிக்கப்பட்டு, அதற்கு மேல் ஒரு கதிரையும் போடாமல். பிரதேச செயலகத்தில் எல்லாரும் பார்க்கிற மாதிரித் திட்டம் ஒட்டப்பட்டு. வேலை கொடுக்கும்போது கேற் காவலுக்கு மட்டும் இல்லாமல் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும்.

ஒரு ஊரின் முகம் கட்டடத்தால் மட்டும் மாறுவதில்லை. அங்கே யார் கேட்காமல் நடக்கலாம், யார் கேட்டுத்தான் நடக்கலாம் என்பதால்தான் மாறுகிறது. அடுத்த லீவுக்கு அந்த ஒழுங்கை திறந்திருக்குமா தெரியாது. அதற்கு முதல், அந்தக் கரையில் இருக்கிற பாடுகளையும் பாதைகளையும் கொப்பியில் கீறப்போகிறோம். மாமா இடம் காட்டுகிறேன் என்றிருக்கிறார். ஊரில் இருக்கிறவர்கள் சேர்ந்து வாங்கோ.