படித்த படிப்புக்குக் கணக்கு எங்கே?

ஒரு மில்லில் பத்து வருஷம் உழைத்த தொழிலாளியை முதலாளி தன்னுடைய இன்னொரு மில்லுக்கு மாற்றுகிறார் என்று வைத்துக் கொள்வோம். "இங்கே நீ இன்று சேர்ந்தவன், உன் பழைய சர்வீஸ் செல்லாது" என்று அங்குள்ள மானேஜர் சொன்னால் தொழிற்சங்கம் சும்மா இருக்குமா? இராது. உழைத்த காலத்தை அழிக்க எவருக்கும் அதிகாரம் இல்லை என்று போராடும். ஆனால் அமெரிக்காவில் கல்லூரி மாறும் மாணவர்களுக்கு வருஷந்தோறும் இந்த அநீதி நடக்கிறது.

அந்நாட்டில் வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளில் பலர் முதலில் சேருவது சமுதாயக் கல்லூரியில். இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901ல் தொடங்கிய கல்லூரிதான் சர்க்கார் தரப்பில் நடப்பவற்றில் மிகப் பழையது. இங்கே சம்பளம் குறைவு. இரண்டு வருஷம் இங்கே படித்து, மீதி இரண்டு வருஷத்தைப் பல்கலைக் கழகத்தில் முடித்துப் பட்டம் பெறலாம் என்பது ஏற்பாடு.

கலிபோர்னியா மாநிலம் 1960ல் இதைப் பெரிய திட்டமாகவே வகுத்தது. பள்ளியில் தேறியவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினர் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்துக்கு. முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கு. சமுதாயக் கல்லூரியின் கதவு எல்லோருக்கும். மாநிலத்துப் பிள்ளைகளிடம் போதனைக் கட்டணம் வாங்குவதில்லை என்பது அன்றைய கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் 1984ல் சமுதாயக் கல்லூரியிலும் கட்டணம் புகுந்தது. ஏழைக்குத் திறந்த பாதையில் சுங்கச்சாவடி வந்தது!

பதிவு நாளில் நடப்பது என்ன?

அங்கே படிப்பைக் 'கிரெடிட்' என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். வாரம் ஒரு மணி வீதம் ஒரு பருவம் முழுதும் வகுப்பில் இருந்து தேறினால் ஒரு கிரெடிட். பட்டத்துக்குச் சாதாரணமாக 120 வேண்டும். எந்தப் பாடம், எந்த நேரம், எந்த ஆசிரியர் என்பதை ஒவ்வொரு பருவமும் மாணவரே தேர்ந்து பதிவு செய்ய வேண்டும். இடம் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

பதிவுக்கு வரிசை உண்டு. ஏற்கனவே அங்கே படிப்பவர்கள் வசந்த காலத்திலேயே பதிந்து விடுகிறார்கள். புதிதாக மாறி வருபவர், பல இடங்களில், கோடையில் நடக்கும் அறிமுகக் கூட்டத்துக்குப் பிறகுதான் பதிய முடியும். அதற்குள் காலை வகுப்புகள் நிரம்பியிருக்கும். மாலையில் ஓட்டலில் வேலை செய்து பிழைக்கும் மாணவருக்கு மாலை வகுப்புதான் மிச்சம். வேலையை விடுவதா, பாடத்தை விடுவதா?

தொல்லை இதோடு நிற்கவில்லை. பழைய கல்லூரியின் மதிப்பெண் பட்டியலை அதிகாரிகள் பரிசீலித்து முடிக்காவிட்டால், "முன்பாடம் முடிக்கவில்லை" என்று கம்ப்யூட்டர் தடுக்கும். முடித்தவர்தான் அவர்! ஆனால் தாள் இன்னும் மேஜையில் கிடக்கிறது. முழுநேர மாணவர் என்ற தகுதிக்குப் பருவத்துக்கு 12 கிரெடிட் வேண்டும். அது கிடைக்காவிட்டால் சர்க்கார் தரும் பெல் உபகாரத் தொகையும் குறையும். அந்தத் தொகையோ ஆயுளில் பன்னிரண்டு பருவங்களுக்கு மேல் கிடையாது. படித்ததையே திரும்பப் படித்தால் அந்த உதவிதான் கரைகிறது.

இழப்பு எவ்வளவு? அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகமே 2017ல் சொன்னது: 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் தாங்கள் சம்பாதித்த கிரெடிட்டில் சராசரியாக 43 சதவீதத்தை இழந்தார்கள். லாபத்துக்காக நடத்தும் தனியார் கல்லூரியிலிருந்து சர்க்கார் கல்லூரிக்கு வந்தவர்கள் இழந்தது 94 சதவீதம்! பணத்தை வாங்கியவர் பத்திரமாக இருக்கிறார். படித்தவர் வெறுங்கையோடு நிற்கிறார்.

பலன் என்ன? 2024ல் வந்த ஆய்வின்படி, சமுதாயக் கல்லூரியில் சேருபவர்களில் சுமார் 16 சதவீதத்தினரே ஆறு வருஷத்துக்குள் பட்டம் பெறுகிறார்கள். பணமுடை, குடும்பச் சுமை என்று இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வரிசையில் கடைசியில் நிறுத்துவதும் கணக்கை வெட்டுவதும் அந்தச் சுமையைக் கூட்டுகின்றனவே தவிரக் குறைக்கவில்லை.

தரம் என்ற சாக்கு

"பாடத்தின் தரம் வேறுபடுகிறதே" என்று பல்கலைக் கழகங்கள் சொல்கின்றன. ஓரளவு உண்மை. எல்லாப் பாடமும் ஒன்றல்ல. ஆனால் பரிகாரம் இல்லையா? புளோரிடாவில் மாநிலம் முழுமைக்கும் பொதுவான பாட எண் முறை பல காலமாக இருக்கிறது. கலிபோர்னியாவும் தன் சமுதாயக் கல்லூரிகளுக்குப் பொதுப் பாட எண் வேண்டும் என்று 2021ல் சட்டம் செய்தது. ஆகவே வழியில்லை என்பது சாக்கு.

நமக்கும் இதில் படிப்பினை உண்டு. அதே 2021ல் நமது பல்கலைக் கழக மானியக் குழு கிரெடிட்டைச் சேமிக்கும் வங்கிக்கு விதி வகுத்தது. ஒரு கல்லூரியில் ஈட்டியதை இன்னொன்றில் செலவழிக்கலாம் என்கிறார்கள். பாங்கியில் பணம் இருக்கலாம். கடையில் அரிசி இல்லாவிட்டால் உலை கொதிக்குமா?

எனவே மாணவர்கள் கேட்க வேண்டியவை மூன்று. பதிவு நாளுக்கு முன்பே பழைய படிப்பின் கணக்கு தீர்க்கப்பட வேண்டும். மாறி வருபவர்களுக்கென ஒவ்வொரு வகுப்பிலும் இடம் ஒதுக்க வேண்டும். போதிய ஆசிரியர்களை நியமித்து வகுப்புகளைப் பெருக்க வேண்டும். இவை சலுகை அல்ல. உழைத்துப் படித்தவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி!