கூரைக்குக் காசு, உறுதி உள்ளவருக்கு மட்டும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், சூறாவளி வருமுன் வீட்டுக் கூரையைப் பலப்படுத்த அரசு சட்டப்படி பணம் கொடுக்கிறது. 2006இல் தொடங்கி இடையில் நின்றுபோன திட்டம், 2022இல் மீண்டும் வந்தது. பரிசோதனை இலவசம். வீட்டுக்காரர் 1 டொலர் போட்டால் அரசு 2 டொலர் போடும். உச்சம் 10,000 டொலர். வருமானம் குறைந்தவர் தன் பங்கைப் போடத் தேவையில்லை. நல்ல சட்டம்தான். ஆனால் சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கே அந்தப் பணம். வாடகைக்கு இருப்பவர் கேட்க முடியாது.

நம் லயத்துக்கு வருவோம். தகரம் பறந்தால் நனைவது நாம். காம்பரா மட்டும் நம் பேரில் இல்லை. தகரத்தின் மேல் கல் வைத்து எத்தனை மழைக்காலம் ஓட்டுவது? அப்படியொரு சட்டம் இங்கே வந்தாலும், காணி உறுதி இல்லாதவருக்கு ஒரு ஆணிகூடக் கிடைக்காது. எனவே சங்கம் இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்: காணி உறுதி, அது கைக்கு வரும்வரை லயக் கூரைகளை அரசும் தோட்ட நிர்வாகமும் தம் செலவில் பலப்படுத்துவது.