பழைய விலையைத் திருத்தாதீர்!

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. அளந்தால் மட்டும் போதாது, எந்தப் படியால் அளந்தோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும் என்பது நான் பட்டறிந்த பாடம். பங்கு விலைகளைக் கணிப்பொறியில் ஏற்றப் போய் எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு சங்கடமே இக்கட்டுரைக்குக் காரணம்.

என் தந்தையார் தையற்காரர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவிடம் சட்டை தைக்கக் கொடுக்கும் வங்கி எழுத்தர் ஒருவர் உண்டு. 'பேங்க் சார்' என்றுதான் அப்பா அவரைச் சொல்வார். சீட்டு கட்டி ஏமாந்திருந்த அப்பாவுக்கு டீமேட் கணக்குத் திறக்க உதவியவர் அவரே. 2016-இல் அப்பா ஒரு கம்பெனியின் 25 பங்குகளை, பங்கு 500 ரூபாய் வீதம், 12,500 ரூபாய்க்கு வாங்கினார். அளவு எடுக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதி வைத்தார்.

2018 பிப்ரவரி 1 அன்று வந்த மத்திய பட்ஜெட்டில், நீண்ட நாள் வைத்திருந்து விற்கும் பங்குகளின் லாபத்துக்கு மீண்டும் வரி அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய நாளான ஜனவரி 31-இன் விலை இனி முக்கியம் என்று பேங்க் சார் சொல்ல, அப்பா அதையும் குறித்துக்கொண்டார்: 800 ரூபாய். ஆக 25 பங்கின் மதிப்பு 20,000 ரூபாய்.

சென்ற ஆண்டு விடுமுறையில் இந்த நோட்டுக் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்ற ஆசைப்பட்டேன். நண்பனின் மடிக்கணினியில், இலவசமாகக் கிடைக்கும் 'க்னூகேஷ்' என்ற கணக்கு மென்பொருளை நிறுவினேன். வாங்கியது, விற்றது ஆகியவற்றை அது ஓரிடத்திலும், விலைப்பட்டியலை வேறோர் இடத்திலும் வைத்துக்கொள்கிறது. ஒரு நாளில் நம் கையில் இருந்த பங்குகளின் எண்ணிக்கையை அந்நாள் விலையால் பெருக்கி மதிப்பைக் காட்டுகிறது. பழைய விலைகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. சி.எஸ்.வி. கோப்பாகக் கொடுத்து, எந்தப் பத்தி தேதி, எந்தப் பத்தி விலை என்று காட்டினால் போதும். ஓர் இணையத் தளத்திலிருந்து கோப்பை இறக்கினேன். சில நிமிடங்களில் பல ஆண்டு விலைகள் உள்ளே போய்விட்டன.

பெருமையோடு அப்பாவை அழைத்து வரைபடத்தைக் காட்டினேன். 2018 ஜனவரி 31 அன்று மதிப்பு 10,000 ரூபாய் என்றது அது. அதாவது 2,500 ரூபாய் நட்டம்! அப்பா நோட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"சார் எண்ணூறுன்னுதானே சொன்னாரு, தம்பி?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுப்பா" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அடுத்த வாரம் பேங்க் சார் சட்டை வாங்க வந்தார். எப்போதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தேநீர் வாங்கி வரச் சொல்லும் அப்பா, அன்று தலை நிமிராமல் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பினார். பல வருடப் பழக்கத்தில் ஒரே மாலையில் ஐயம் புகுந்துவிட்டது. புகுத்தியவன் நான்.

கல்லூரி திறந்ததும் எங்கள் கணிதப் பேராசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அந்த 400 எந்த அளவையில் எழுதிய 400?" என்று மட்டும் கேட்டார். விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது.

2019-இல் அந்தக் கம்பெனி ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு வழங்கியது. 25 பங்கு 50 ஆயிற்று. அதற்கேற்ப ஒரு பங்கின் விலை பாதியானது. யாருக்கும் லாபமில்லை, நட்டமுமில்லை. ஆனால் விலையை மட்டும் வரைந்தால் அந்த நாளில் பெரும் பள்ளம் விழும். அது விழாதிருக்க, பல இணையத் தளங்கள் அதற்கு முந்திய விலைகள் அனைத்தையும் பாதியாக்கி விடுகின்றன. இதுவே சரிக்கட்டிய விலை. சில பட்டியல்களில் ஈவுத்தொகையையும் கழித்து இன்னும் குறைப்பார்கள். என் கோப்பில் 800 இவ்வாறு 400 ஆகியிருந்தது. ஆனால் அந்நாளில் எங்களிடம் இருந்தவை 25 பங்குகளே. புதுப் படியால் அளந்த விலையைப் பழைய எண்ணிக்கையோடு பெருக்கினேன். பாதிப் பணம் மாயமாயிற்று!

தேசியப் பங்குச் சந்தை ஒவ்வொரு வர்த்தக நாளின் முடிவிலும் 'பாவ் காப்பி' என்ற கோப்பை வெளியிடுகிறது. தொடக்க விலை, உச்ச விலை, தாழ்ந்த விலை, முடிவு விலை யாவும் அன்று நடந்தபடியே அதில் இருக்கும். 2018 ஜனவரி 31-க்கு உரிய கோப்பைத் திறந்தேன். உச்ச விலை 800. அப்பாவின் நோட்டு சரி, பேங்க் சார் சொன்னது சரி, தவறு என்னுடையது.

இது ஏதோ ஒரு கம்பெனியின் கதையன்று. இன்ஃபோசிஸ் 2018 செப்டம்பரிலும், ரிலையன்ஸ் 2017-இலும் 2024-இலும் ஒன்றுக்கு ஒன்று போனஸ் வழங்கின. புல்லட் மோட்டார் சைக்கிள் நிறுவனமான ஐஷர், 2020 ஆகஸ்டில் 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கை 1 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தது. இருபதாயிரத்துக்கு மேல் விற்ற பங்கு இரண்டாயிரத்துச் சொச்சமாயிற்று. நம் சென்னை எம்.ஆர்.எஃப். அப்படிப் பிரிக்கவில்லை, அதன் பங்கு 2023-இல் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. எண்ணிக்கையை விட்டுவிட்டு விலையை மட்டும் பார்ப்பவர் எதை அறிவார்?

வரிக் கணக்கிலோ இது இன்னும் நுட்பமானது. 2018 பிப்ரவரி 1-க்கு முன் வாங்கிய பங்குக்கு, ஜனவரி 31-இல் சந்தையில் நிலவிய உச்ச விலையை, விற்ற விலைக்கு மிகாமல், அடக்க விலையாகக் கொள்ளலாம். வாங்கிய விலை அதைவிட அதிகமானால் அதையே கொள்ளலாம். பின்னர் போனஸ் வந்திருந்தால், பழைய 25 பங்குக்கும் 800 குறையாமல் நிற்கும்; போனஸாக வந்த 25 பங்குக்கு அடக்கம் பூஜ்யம். பங்குப் பிரிப்பு என்றால் அந்த 800-ஐயே பிரித்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டும் சட்டத்தில் வேறு வேறு. சரிக்கட்டிய கோப்போ இரண்டையும் ஒரே கத்தரியால் வெட்டுகிறது. 2024-25 நிதியாண்டு முதல் ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் ரூபாய் வரையிலான இத்தகைய லாபத்துக்கு வரியில்லை என்பதால் எங்களைப் போன்றோர் தப்பினோம். எல்லாரும் தப்புவார்களா?

"சரிக்கட்டிய விலைதானே வளர்ச்சியை உண்மையாகக் காட்டும்?" என்று வணிகவியல் நண்பர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். ஒரு பங்கு பத்தாண்டில் எத்தனை மடங்காயிற்று என்று ஆராய்பவருக்கு அதுவே வேண்டும். அதைத் தனித் தாளில் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் கணக்குப் புத்தகம் ஆராய்ச்சித் தாள் அன்று, அது சாட்சி. சாட்சி அன்று கண்டதைத்தான் சொல்ல வேண்டும். பின்னால் நடந்ததை முன்னால் நடந்ததில் கலந்து சொல்லலாமா?

ஆகவே என் கருத்து இதுதான். கணக்கில் ஏற்றும் பழைய விலை, அந்த நாளில் சந்தையில் நடந்த விலையாகவே இருக்க வேண்டும். போனஸையும் பிரிப்பையும் அவை நடந்த தேதியில், எண்ணிக்கை மாற்றமாகத் தனியே எழுத வேண்டும். மென்பொருளில் அதற்கு இடமுண்டு. கோப்பு எங்கிருந்து எந்நாளில் எடுத்தது என்று குறித்து வைக்க வேண்டும். 03-04 என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்று பார்க்க வேண்டும். ஏற்றி முடித்த பின், போனஸுக்கு முன் ஒரு நாள், பின் ஒரு நாள், வாங்கிய நாள் ஆகிய மூன்றையும் பாவ் காப்பியோடு கையால் ஒப்பிட வேண்டும். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாததால்தான் ஒரு நல்ல மனிதரை நாங்கள் ஐயுற்றோம்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். கணிப்பொறி சொல்வதை வீட்டில் நம் வாயால்தான் கேட்கிறார்கள். நாம் சொன்னால் நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஈடாக நாம் தர வேண்டியது சரிபார்த்த சொல் ஒன்றே.

பாவ் காப்பியைக் காட்டியதும் அப்பா ஒன்றும் பேசவில்லை. நோட்டை மூடி வைத்தார், சட்டையை மாட்டிக்கொண்டார், பேங்க் சார் வீட்டுக்குக் கிளம்பினார். "நீயும் வா. தப்பு நம்ம ரெண்டு பேர் மேலயும்தான்" என்றார். போனேன்.