பண்ணை இல்லாத பண்ணை வீடுகள்

சேலம், தருமபுரிப் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கவனித்தவர்கள் 'கொட்டாய்' என்று முடியும் பெயர்கள் பலவற்றைக் கண்டிருப்பார்கள். கொட்டகை என்பதன் பேச்சு வடிவம் அது. ஊரிலிருந்து தள்ளியிருக்கும் நிலத்தில், பயிருக்குக் காவலாகவும் மாட்டுக்குத் துணையாகவும் ஒரு குடும்பம் போட்டுக்கொண்ட கொட்டாய், இரண்டு மூன்று தலைமுறைகளில் பத்து வீடாகி, பிறகு ஊராகிவிடுகிறது. கொங்குப் பகுதியில் இதையே சாளை என்பார்கள். இன்னும் பின்னோக்கிச் சென்றால், சங்கப் பாடல்களின் குறிஞ்சி நிலத்தில் தினைப்புனம் காப்பதற்காக எழுப்பிய இதணம் இருக்கிறது. அளவிலும் அமைப்பிலும் இவை வேறு வேறு. ஆனால் மூன்றிலும் பயிர்தான் முதலில் வந்தது. பயிர் கேட்டதால் மனிதன் அங்கே தங்கினான்.

இன்றைய தமிழில் இவற்றோடு சேர்ந்து வழங்கும் இன்னொரு சொல் 'பண்ணை வீடு'. நிலத் தரகர்களின் விளம்பரங்களில் இது எந்நாளும் காணக்கிடைக்கிறது. காப்பித் தோட்டத்துக்கு நடுவே, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, வார இறுதியில் வந்து தங்குவதற்கேற்ற பண்ணை வீடு. அங்கே பண்ணை எது, பயிர் செய்பவர் யார் என்ற கேள்விகளுக்கு விளம்பரத்தில் இடமில்லை. சொல்லின் முன்பாதி உதிர்ந்துபோய் வீடு மட்டும் எஞ்சிய இந்த நிலையைப் பற்றித்தான் நாம் இங்கே பேச விரும்புகிறோம். இது வெறும் சொல் பற்றிய விவாதமன்று. மலையில் யார் வீடு கட்டலாம் என்பது பற்றிய விவாதம்.

சேர்வராயன் மலையில் ஏற்காட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒன்று செம்மநத்தம். அதன் பெயரின் பின்பாதியே நம் விவாதத்தின் மையச் சொல்லாக இருப்பது தற்செயல்தான். வருவாய்த்துறையின் மொழியில் நத்தம் என்றால் ஊரார் குடியிருப்பதற்கென ஒதுக்கப்பட்ட நிலம். நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு, காப்புக்காடு என்று நிலத்தைப் பிரித்த ஆட்சி, மனிதன் தலைசாய்க்க ஒதுக்கிய இடம் நத்தம். அந்த நிலம் அரசின் உடைமையன்று, குடியிருப்போருக்கே உரியது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. சிக்கல் நத்தத்துக்கு வெளியே தொடங்குகிறது. நத்தம் அன்று அளந்த அளவில் நிற்க, குடும்பங்கள் பெருகிவிட்டன. நிலம் ஓரிடத்திலும் நத்தம் ஓரிடத்திலும் இருக்கும் மலைச் சரிவில், காட்டுமாடும் பன்றியும் வரும் இரவுகளில், பயிரின் அருகே தங்கவேண்டிய தேவையும் மாறவில்லை.

இம்மலையின் பழங்குடிகள் மலையாளிகள். கேரளத்தாரைக் குறிக்கும் சொல்லோடு குழப்பிக்கொள்ளக் கூடாது; மலையில் வாழ்வோர் என்பதே இங்கே பொருள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் மிகப் பெரிய சமூகம் இவர்களுடையது. 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கும் சற்று மேல். சாமையும் கேழ்வரகும் விளைந்த இவர்களது மலைக்கு 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். அவர் ஏற்காட்டில் எழுப்பிய வீட்டின் பெயர் 'கிரேஞ்ச்'. களஞ்சியத்தோடு கூடிய உழவர் வீடு என்பது அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள். ஆக, இம்மலையின் முதல் துரை வீடே, பெயரளவிலேனும், ஒரு பண்ணை வீடுதான்.

மலையில் கட்டுப்பாடு வேண்டுமா என்பதில் நமக்கு ஐயமில்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் சரிந்த மலை நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையிலும் மண் சரிந்தது. சரிவை வெட்டிச் சமன்செய்து, ஓடைகளின் வழியை அடைத்துக் கட்டும் ஒவ்வொரு கட்டடமும் கீழே இருப்பவர்களின் தலைமேல் கட்டப்படுவது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டமும், 1990-இல் அமைக்கப்பட்டு ஏற்காட்டையும் தன் வரம்புக்குள் கொண்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமமும் இந்த அச்சத்திலிருந்து பிறந்தவை. அவற்றைத் தளர்த்தவேண்டும் என்று நாம் சொல்லப்போவதில்லை.

நாம் சொல்ல வருவது வேறு. இந்த ஏற்பாட்டில் கேட்கப்படும் கேள்விகளைப் பாருங்கள். வனத்துறை காட்டெல்லையையும் மரங்களையும் கேட்கிறது. புவியியல் மற்றும் சுரங்கத் துறை பாறையின் உறுதியைக் கேட்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை மண் அரிப்பைக் கேட்கிறது. நகர் ஊரமைப்புத் துறை பரப்பளவையும் உயரத்தையும் சாலையின் அகலத்தையும் கேட்கிறது. எல்லாம் தேவையான கேள்விகள். ஆனால் இந்த வீட்டில் யார் வாழப்போகிறார், அவர் இந்த நிலத்தில் என்ன செய்கிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி இல்லாதபோது, அனுமதி என்பது தாள்களைத் திரட்டும் திறமைக்கான பரிசாக மாறிவிடுகிறது. வரைபடம் போட ஆளும், அலுவலகங்களுக்கு நடக்க ஆளும் வைத்துக்கொள்ளக் கூடியவர் மாளிகை கட்டுகிறார். பாட்டன் பெயரிலுள்ள கூட்டுப் பட்டாவைப் பிரிக்க முடியாத உழவர் தன் காப்பிச் செடிகளுக்கு நடுவே தகரக் கொட்டகையோடு நிற்கிறார். சட்டம் இருவரையும் ஒரே கண்ணால் பார்ப்பதாகத்தான் சொல்கிறது.

அரசின் வீட்டுத் திட்டங்களும் பட்டாவில்தான் தொடங்குகின்றன. 2024-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி. அந்த அளவு வீடு நூறு கட்டினாலும் மலை அதைத் தாங்கும் விதம் வேறு. நீச்சல் குளத்தோடு எழும் ஒரு விடுதியைத் தாங்கும் விதம் வேறு. விதிகள் பெரியவர்களுக்கு வளைந்ததற்கு நம்மிடம் நல்ல சான்று உண்டு. கொடைக்கானலில் ஏழு மாடி விடுதி ஒன்றுக்காக அரசு அளித்த விதிவிலக்கைப் பழனி மலைப் பாதுகாப்பு அமைப்பினர் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றார்கள். 1995-இல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு அது. கொட்டாய்க்காக விதி வளைந்த கதை ஒன்றை நாம் கேட்டதில்லை.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். தோட்டத் தொழிலாளி. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அவருக்குக் குடியிருப்பு தரும் கடமையை முதலாளியின் மேல் வைத்தது. லயன் வீடு என்று நாம் அறிவது அதுதான். ஆனால் அது வேலையோடு ஒட்டிய வீடு. கைகால் ஓய்ந்ததும் வீட்டைவிட்டு இறங்கவேண்டும். தோட்டம் மனைகளாகத் துண்டாடப்படும்போது லயனும் சேர்ந்து போகிறது. 1961-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் தோட்டப் பயிர் நிலங்களுக்கு விலக்களித்ததை இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும். அந்த விலக்கு முதலாளிக்குத் தரப்பட்டதன்று, பயிருக்குத் தரப்பட்டது. பயிர் போய் மனை வந்தபின் விலக்குக்கு என்ன நியாயம் மிஞ்சுகிறது?

இக்கேள்வியை வேறு நாடுகள் எதிர்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் 1947-ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டத்துக்குப் பிறகு திறந்த நாட்டுப்புறத்தில் புதிய வீடு கட்டுவது மிகக் கடினம். விதிவிலக்குகளில் ஒன்று, நிலத்தில் வேலை செய்பவர் அங்கேயே தங்கவேண்டிய இன்றியமையாத் தேவை. அப்படிக் கிடைக்கும் அனுமதியோடு ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டு வரும்: அவ்வட்டாரத்தில் வேளாண்மை செய்பவரோ, செய்து ஓய்ந்தவரோ, அவரைச் சார்ந்தவரோதான் அவ்வீட்டில் குடியிருக்கலாம். வேல்ஸில் 2010 முதல் உள்ள ஓர் ஏற்பாடு இன்னும் கறாரானது. நாட்டுப்புறத்தில் வீடு கட்டிக்கொள்பவர், தம் அடிப்படைத் தேவைகளை ஐந்தாண்டுகளுக்குள் அந்த நிலத்திலிருந்தே பெறுவதாகக் கணக்குக் காட்டவேண்டும். இவற்றிலும் ஓட்டைகள் உண்டு. இங்கிலாந்தில் நிபந்தனையைப் பத்தாண்டுகள் மீறியும் யாரும் கவனிக்காவிட்டால் பிறகு நடவடிக்கை எடுக்க முடியாது. ஆயினும் அங்கே அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது.

அயல்நாட்டு எடுத்துக்காட்டு நமக்கு ஒவ்வாது என்பவர்களுக்கு நாம் உள்நாட்டுச் சட்டமொன்றைக் காட்டலாம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வன நிலத்தில் குடியிருக்கவும் பிழைப்புக்காகத் தாமே பயிரிடவும் உள்ள உரிமைகளை ஒரே பிரிவில் சேர்த்துச் சொல்கிறது. அவ்வுரிமை பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாகவேண்டும். குடியிருப்பும் உழவும் ஒன்றே என்ற கொட்டாயின் தர்க்கத்தை இவ்வளவு தெளிவாக ஏற்ற இந்தியச் சட்டம் நாமறிந்து வேறில்லை. தமிழ்நாட்டில் இதன் நடைமுறை, 2008-இல் உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் 2016 வரை முடங்கிக் கிடந்தது தனித் துயரம். மேலும், இச்சட்டம் வன நிலத்துக்கு மட்டுமே உரியது. பட்டா நிலத்தில் பண்ணை வீடு கட்ட அனுமதி கேட்பவரை இது தொடுவதில்லை. ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லாததால், 1996-ஆம் ஆண்டின் பழங்குடிப் பகுதி ஊராட்சிச் சட்டம் தரும் கிராமசபை அதிகாரமும் ஏற்காட்டுக்கு இல்லை.

எனவே நாம் கேட்பது இதுதான்: வன உரிமைச் சட்டத்திலுள்ள அந்தக் கேள்வியை மலைப்பகுதிக் கட்டட அனுமதிக்கும் கொண்டுவர வேண்டும். நிலத்தில் பயிர் செய்து, ஆண்டின் பெரும்பகுதி அங்கேயே வாழ்பவருக்குச் சிறிய வீடு; அதற்கு எளிய நடைமுறை. மண்ணையும் பாறையையும் சோதிக்கும் செலவை அரசு ஏற்கட்டும். ஆயுளெல்லாம் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவருக்கும் அதே தகுதி. மற்றவர்களின் வீடு பண்ணை வீடு என்ற பெயரில் வரக்கூடாது. விடுதி என்றோ ஓய்வில்லம் என்றோ உண்மைப் பெயரில் வந்து, அதற்குரிய முழுச் சோதனைகளையும் கடக்கட்டும்.

இரண்டு மறுப்புகள் எழும். யார் உண்மையான உழவர் என்று எப்படி அறிவது என்பது முதலாவது. ஒரு சான்றிதழால் அறியமுடியாது என்பது மெய்தான். காப்பி விற்ற சீட்டு, குடும்பம் ஆண்டு முழுதும் தங்கியிருக்கும் அடையாளம், ஊராரின் சொல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தவறு குறையும். செம்மநத்தம் போன்ற சிற்றூரில் யார் பயிர் செய்கிறார் என்பது ஊருக்குத் தெரியாத ரகசியமன்று. இரண்டாவது மறுப்பு கனமானது. வீட்டை இப்படிக் கட்டிப்போட்டால் அதன் விலை இறங்கும், அடமானத்துக்கு வங்கி தயங்கும். இழப்பு ஏழை உழவருக்குத்தானே? இதை நாம் இலேசாகத் தள்ளிவிடவில்லை. அதனால்தான் நிபந்தனை நிலத்தை விற்பதைத் தடுக்கக் கூடாது, வீட்டின் பயனை மட்டும் கட்டவேண்டும் என்கிறோம். வாங்குபவரும் பயிர் செய்யட்டும். விலை சற்று இறங்கத்தான் செய்யும். அந்த விலையில்தான் பக்கத்துக் காட்டுக்காரரின் மகன் அதை வாங்க முடியும் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

மலையைக் காப்பது என்றால் மலையிலிருந்து மனிதரை அகற்றுவது என்று ஒரு காலம் நினைத்தது. இப்போது நடப்பது, பயிர் செய்பவரை அகற்றிவிட்டுப் பார்வையாளரைக் குடியேற்றுவது. முதலாவதில் காடாவது மிஞ்சும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. இரண்டாவதில் காடும் மிஞ்சாது, பண்ணையும் மிஞ்சாது.