பட்டியல் முன்பே தயாராக இருந்தது

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணி ஆகச் சில நிமிடங்கள் இருந்தபோது ஹவாய்த் தீவுகளின் பேர்ல் துறைமுகத்தில் குண்டுகள் விழத் தொடங்கின. ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய 353 ஜப்பானிய விமானங்கள் இரண்டு அலைகளாக வந்தன. பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்த அமெரிக்கர்கள் 2,403 பேர். அவர்களில் 1,177 பேர் ‘அரிசோனா’ என்ற ஒரே கப்பலில் இருந்தவர்கள். பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்வதாக ஜப்பான் எழுதிய கடிதம் வாஷிங்டனில் உரியவர் கைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே கப்பல்கள் எரிந்துகொண்டிருந்தன.

இதுவரைக்கும் நம் பள்ளிப் பாடப்புத்தகத்திலும் உண்டு. அன்று மாலை நடந்தது அதில் இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் போர்ப் பிரகடனம் செய்தது மறுநாள்தான். எஃப்.பி.ஐ. ஆட்கள் ஜப்பானியர் வீட்டுக் கதவுகளைத் தட்டியதோ அந்த ஞாயிறன்றே. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் 1,200க்கும் மேற்பட்டோர் காவலில் இருந்தார்கள். பௌத்த குருமார்கள், ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள், ஊர்ச் சங்கத் தலைவர்கள், பத்திரிகை ஆசிரியர்கள். இவ்வளவு பெயரையும் விலாசத்தையும் அரை நாளில் யாராலும் திரட்டிவிட முடியாது. பட்டியல் பல மாதங்களாக அலமாரியில் இருந்தது. குண்டு விழுந்ததும் அதை வெளியே எடுத்தார்கள், அவ்வளவுதான்.

திடீர்த் தாக்குதல் ஒரு தேசத்தை மாற்றிவிடுகிறது என்று எழுதுவது வழக்கம். 1942இன் அமெரிக்காவைக் கூர்ந்து பார்க்கிறவருக்கு அந்த வாக்கியத்தில் சந்தேகம் வந்துவிடும். தாக்குதல் எதையும் புதிதாகச் செய்யவில்லை. ஏற்கெனவே இருந்த விருப்பத்துக்கு ஒரு தேதி கொடுத்தது.

கலிபோர்னியாவில் அந்த விருப்பத்துக்கு நெடுங்கால வயது. 1913இலேயே ஜப்பானியக் குடியேறிகள் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்துவிட்டது. குடியுரிமை இருந்தால் நிலம் வாங்கலாமே என்றால், அவர்கள் குடியுரிமை பெறவே முடியாது என்று 1922இல் தக்காவோ ஒசாவா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1924இல் ஜப்பானியர் குடியேற்றமே நிறுத்தப்பட்டது. இத்தனைக்கும் நடுவில், அமெரிக்காவில் பிறந்ததால் குடிமக்களாகிவிட்ட தங்கள் பிள்ளைகளின் பெயரில் நிலம் வாங்கி, யாரும் சீந்தாத மண்ணில் ஸ்ட்ராபெரியும் காய்கறியும் விளைவித்து, கடற்கரைச் சந்தைகளில் அவர்கள் பெரும்பங்கைப் பிடித்திருந்தார்கள். சலீனாஸ் பகுதியின் காய்கறி விளைச்சல்காரர் சங்கப் பிரதிநிதி ஒருவர் 1942இல் ஒரு வாரப் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில் இதை மறைக்கவே இல்லை. சுயநலத்துக்காகத்தான் இவர்களை வெளியேற்றச் சொல்கிறோமா என்றால் ஆம், கடற்கரை வெள்ளையனுக்கா மற்றவனுக்கா என்பதே கேள்வி என்ற பொருள்படப் பேசினார். போர் முடிந்த பிறகும் அவர்கள் திரும்பி வர வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார். தேசபக்தி என்ற சொல்லைச் செலவழிக்காமல் பேசியவர் என்ற வகையில் அவரிடம் ஒரு நேர்மை இருந்தது.

1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். அதில் ‘ஜப்பானியர்’ என்ற சொல்லே கிடையாது. ராணுவத் தளபதிகள் தேவைப்படும் பகுதிகளிலிருந்து ‘எவரையும்’ வெளியேற்றலாம் என்பதுதான் வாசகம். அந்த ‘எவரையும்’ மேற்குக் கடற்கரையில் ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினராக ஆனது. மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அநாதை இல்லங்களிலிருந்த குழந்தைகளைக்கூட விடவில்லை. மன்சனார் தடுப்பு முகாமில் அவர்களுக்கென்றே தனி விடுதி கட்டினார்கள். தொட்டில் குழந்தையால் தேசப் பாதுகாப்புக்கு என்ன ஆபத்து என்று எந்தத் தளபதியும் விளக்கவில்லை.

குற்றம் எது, சான்று எது என்று கேட்டவர்களுக்கு மேற்கு மண்டலத் தளபதி ஜான் டெவிட் ஒரு பதில் வைத்திருந்தார். இதுவரை நாசவேலை ஒன்றுகூட நடக்கவில்லை. அதுவே இனி நடக்கப்போகிறது என்பதற்கு அடையாளம். இந்தத் தர்க்கத்திலிருந்து தப்பிக்க வழியில்லை. குண்டு வைத்தால் துரோகி, வைக்காவிட்டால் தருணம் பார்த்திருக்கும் துரோகி.

அறியாமையால் நடந்தது என்று சொல்லி இதைக் கடந்துவிடவும் முடியாது. தாக்குதலுக்கு முந்தைய மாதமே, ரூஸ்வெல்ட்டின் ஏற்பாட்டில் மேற்குக் கடற்கரையை ஆராய்ந்த கர்டிஸ் மன்சன் இம்மக்களில் மிகப் பெரும்பாலோர் விசுவாசமானவர்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார். கடற்படை உளவுப் பிரிவின் கென்னத் ரிங்கலும் அதையே சொன்னார். அட்டர்னி ஜெனரல் பிடில் எதிர்த்தார். யாரையும் எளிதில் நம்பாத எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவரே மொத்த வெளியேற்றம் தேவையில்லை என்றார். எல்லாம் தெரிந்துதான் கையெழுத்து விழுந்தது.

இந்த வரலாற்றில் நம்மை நெடுநேரம் நிறுத்திவைப்பது ஹவாய். குண்டு விழுந்த இடம் அதுதான். எதிரி மறுபடி வந்தால் முதலில் இறங்கக்கூடிய இடமும் அதுதான். மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக, ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய ஜப்பானிய வம்சாவளியினர் அங்கே இருந்தார்கள். பயம்தான் காரணம் என்றால் முதல் முள்வேலி ஹவாயில் அல்லவா அத்தனை பேரையும் வளைத்திருக்க வேண்டும்? அங்கே காவலில் வைக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான். ராணுவச் சட்டம் இருந்தது; எல்லா இனத்தாரையும் அது நசுக்கியது. ஆனால் மொத்தமாக ஆட்களை அள்ளும் திட்டத்தைத் தளபதி எம்மன்ஸ் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். காரணம் மிக எளியது. ஒவாகு தீவின் தச்சர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். கரும்புத் தோட்டத்திலும் துறைமுகத்திலும் கடைத்தெருவிலும் அவர்கள் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. நொறுங்கிய தளத்தைத் திரும்பக் கட்டவே அவர்கள் கை வேண்டியிருந்தது. குண்டு விழுந்த தீவு அவர்களை வெளியே விட்டுவைத்தது. நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், விமானக் குண்டே விழாத கலிபோர்னியா அவர்களை லாரியில் ஏற்றியது. வேலைக்குத் தேவைப்பட்டவன் அண்டை வீட்டுக்காரனாகவே இருந்தான், தொழிலில் போட்டியாக இருந்தவன் ஒற்றனாகிப்போனான்.

கையில் தூக்கிச் செல்ல முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. குடும்பத்துக்கு ஒரு எண். கோட்டிலும் பெட்டியிலும் அந்த எண் எழுதிய அட்டை. வீடும் கடையும் படகும் அறுவடைக்கு நின்ற வயலும் வந்த விலைக்குப் போயின. சாண்டா அனிடா, டான்ஃபோரன் குதிரைப் பந்தய மைதானங்களில் லாயங்களைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துக் குடும்பங்களைக் குடியமர்த்தினார்கள். பிறகு பாலைவனங்களிலும் சதுப்பு நிலங்களிலும் பத்து முகாம்கள். இதையெல்லாம் படமெடுக்க டோரதியா லாங்கை அரசே நியமித்தது. அவர் எடுத்த படங்களைப் பார்த்ததும் பூட்டியும் வைத்தது.

1943 தொடக்கத்தில் முகாம்களுக்குள் ஒரு வினாத்தாள் வந்தது. 27ஆவது கேள்வி: அமெரிக்கப் படையில் சேர்ந்து போரிடத் தயாரா? 28ஆவது: அமெரிக்காவுக்கு முழு விசுவாசம் தெரிவித்து, ஜப்பானியப் பேரரசருக்கான விசுவாசத்தைக் கைவிடுகிறாயா? ஒரு சிறுபான்மையை உள்ளிருந்து உடைக்க இதைவிடக் கச்சிதமான கருவி கிடைக்காது. தந்தை ‘ஆம்’ என்று எழுதினால் நாடற்றவர் ஆவார், அமெரிக்கா அவருக்குக் குடியுரிமை தராது என்று அன்றைய சட்டமே சொன்னது. மகன் ‘ஆம்’ என்று எழுதினால், பார்த்தேயிராத ஒரு பேரரசருக்கு அதுவரை விசுவாசமாக இருந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டுக்கும் ‘இல்லை’ என்றவர்கள் டூலி ஏரி முகாமுக்குப் பிரிக்கப்பட்டார்கள். ‘ஆம்’ என்றவர்களில் பல இளைஞர்கள் 442ஆம் படைப்பிரிவில் சேர்ந்து, 1944 அக்டோபரில் பிரான்சின் வோஜ் மலைக்காட்டில் சிக்கிய இருநூற்றுச் சொச்சம் டெக்சாஸ் வீரர்களை மீட்க, அந்த எண்ணிக்கையைப் போலப் பல மடங்குப் பேர் ரத்தம் சிந்தினார்கள். இன்று அமெரிக்கா கொண்டாடுவது இவர்களைத்தான். பதக்கங்களை நாம் குறைசொல்லவில்லை. பெற்றோர் முள்வேலிக்குள் இருக்கையில் மகன் செத்துக் காட்டித்தான் குடிமகன் ஆக வேண்டும் என்ற ஏற்பாடு அந்தக் கொண்டாட்டத்துக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிடுவதைத்தான் சொல்கிறோம். மறுத்தவர்களுக்குத் தங்கள் சமூகத்துக்குள்ளேயே பல பத்தாண்டுகள் முகம் கொடுத்துப் பேச ஆளில்லை.

உச்ச நீதிமன்றம் என்ன செய்தது? வெளியேற மறுத்த ஃபிரெட் கொரெமாட்சுவின் வழக்கில் 1944 டிசம்பர் 18 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ஹியூகோ பிளாக் கருத்துரிமையின் காவலர் என்று பெயர் வாங்கியவர். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய மூவரில் ஒருவரான ராபர்ட் ஜாக்சன், இப்படி ஒரு கொள்கையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் அது எவர் கைக்கும் எட்டும்படி வைத்த துப்பாக்கியாகக் கிடக்கும் என்று எச்சரித்தார். உளவு அறிக்கைகளை அரசுத் தரப்பு நீதிமன்றத்திடமிருந்து மறைத்தது நிரூபணமாகி, கொரெமாட்சுவின் தண்டனை ரத்தாக 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1988இல் அதிபர் ரீகன் காலத்தில் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டார்கள், உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தார்கள். முதல் காசோலைகள் 1990இல்தான் கைக்கு வந்தன. தந்தையர் தலைமுறையில் பெரும்பாலோர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

பட்டியலுக்கு மறுபடி வருவோம். எந்தத் தெருவில் எத்தனை ஜப்பானியர் என்று ராணுவத்துக்குக் காட்டிக்கொடுத்தது 1940ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பதின்மூன்று சிப்பாய்கள் பதுங்கித் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாட்களில் கொழும்பின் தெருக்களில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது.

பாதிக்கப்பட்டவர் வரிசையில் நின்று பேசுவது நமக்கு எளிது. இந்தியர்களாக நாம் நிற்க வேண்டிய இன்னொரு வரிசையும் இருக்கிறது. 1962 அக்டோபர் 20 அன்று சீனப் படைகள் எல்லை தாண்டியபோது தில்லி அதை எதிர்பார்த்திருக்கவில்லை. நவம்பரில் அசாமிலும் ஷில்லாங்கிலும் டார்ஜிலிங்கிலும் சீன வம்சாவளிக் குடும்பங்களை வீட்டிலிருந்து அழைத்துப் போய் ரயிலேற்றினார்கள். நாள்கணக்கில் ஓடிய அந்த ரயில்கள் போய்ச் சேர்ந்த இடம் ராஜஸ்தானின் தேவ்லி தடுப்பு முகாம். ஏறக்குறைய மூவாயிரம் பேர். அவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள்; சிலரின் தாயார் தேயிலைத் தோட்டங்களின் இந்தியப் பெண்கள். போர் ஒரு மாதத்தில் ஓய்ந்துவிட்டது. முகாமில் கடைசியாக இருந்தவர்கள் வெளியே வர 1967 ஆகிவிட்டது. வந்தபோது பலருடைய வீடும் கடையும் எதிரிச் சொத்தாக ஏலம் போயிருந்தன. அசாமிய மொழியில் ரீட்டா சவுத்ரி இதை ‘மாகாம்’ என்று நாவலாக எழுதினார். நம் பாடப்புத்தகங்களில் 1962 என்றால் பனிமலையும் துரோகமும்தான். கனடாவில் குடியேறிவிட்ட தேவ்லிக்காரர்கள் இந்திய அரசிடம் கேட்பது ஒரு மன்னிப்பு. அமெரிக்கக் காங்கிரஸ் செய்ததை நம் நாடாளுமன்றம் இன்றுவரை செய்யவில்லை.

அரசையும் தளபதியையும் திட்டிவிட்டு முடிப்பது பத்திரிகைக்காரனுக்கு வசதியானது. 1942இல் பத்திரிகைகள் என்ன செய்தன? மொத்தமாக வெளியேற்று என்று எழுதியவை வலதுசாரித் தாள்கள் மட்டும் இல்லை. மிதவாத அறிவுஜீவிகளின் ஆதர்சமாக இருந்த வால்டர் லிப்மன், நாசவேலை நடக்காததே ஆபத்தின் அறிகுறி என்ற அதே வாதத்தைப் பிப்ரவரி 12 பத்தியில் எழுதினார். மறுநாள், நியூயார்க்கின் இடதுசாரிச் சாய்வுள்ள ‘பிஎம்’ நாளிதழில் ஒரு கேலிச்சித்திரம்: கடற்கரை நெடுக ஜப்பானியர்கள் வரிசையில் நின்று வெடிமருந்து வாங்கிக்கொள்கிறார்கள். வரைந்தவர் டாக்டர் சூஸ். உலகக் குழந்தைகள் நேசிக்கும் அதே சூஸ். ஹிட்லரை அவரைப் போலக் கிழித்தவர் குறைவு. இனவெறியை அந்நிய நாட்டில் அடையாளம் காண அவருக்குக் கஷ்டமே இருக்கவில்லை.

சியாட்டிலுக்கு எதிரே பெயின்பிரிட்ஜ் என்றொரு தீவு. 1942 மார்ச் 30 அன்று முதன்முதலாக வெளியேற்றப்பட்டவர்கள் அத்தீவின் 227 பேர்தான். அங்கே வால்ட், மில்லி உட்வர்ட் தம்பதி ‘பெயின்பிரிட்ஜ் ரிவ்யூ’ என்றொரு சிறிய வாரப் பத்திரிகை நடத்தினார்கள். மேற்குக் கடற்கரையில் இந்த வெளியேற்றத்தை விடாமல் எதிர்த்தெழுதிய மிகச் சில ஏடுகளில் அது ஒன்று. சந்தா போயிற்று, விளம்பரம் போயிற்று. அவர்கள் எழுதிய கண்டனத் தலையங்கங்களைவிட இன்னொரு காரியத்துக்காகவே நாம் அவர்களை நினைக்கிறோம். தீவிலிருந்து போன இளைஞர் சிலரையே முகாம் நிருபர்களாக நியமித்தார்கள். மன்சனாரிலிருந்தும் பிறகு மினிடோகா முகாமிலிருந்தும் செய்தி வந்தது: யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்குக் கல்யாணம், பேஸ்பால் ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள். மற்ற உள்ளூர்ச் செய்திகளோடு அதுவும் வாராவாரம் அச்சானது. போர் முடியும் தறுவாயில், அவர்கள் திரும்பி வரக் கூடாது என்று தீவில் கூட்டம் போட்டவர்களின் கடிதங்களையும் அதே பத்திரிகை வெளியிட்டது. பதிலும் அதே பக்கத்தில் வந்தது. கூட்டங்களுக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். வெளியேற்றப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தீவுக்குத் திரும்பினார்கள்.